குளிரில் பத்து நிமிடம் நிற்பது எப்படி?

குளிர்காலத்தில் வெளியே போகச் சொல்பவர்கள் எல்லோரும் "வேகமா நடங்க, குளிர் தெரியாது" என்றுதான் சொல்வார்கள். பனி கொட்டும் ஊரில் என் முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டு, கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, யாரோ துரத்துவதுபோல ஒரு சுற்று. திரும்பி வந்து கதவைச் சாத்தியதும்தான் மூச்சு வரும். வெளியே என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டிருந்தால், என் ஷூவைப் பார்த்தேன் என்று சொல்லியிருப்பேன்.

உடற்பயிற்சிக்கு அது போதும். ஆனால் மனசு லேசாக வேண்டும், மரம், செடி, பறவையோடு கொஞ்சமாவது பழக வேண்டும் என்றால் எங்கேயாவது நின்றாக வேண்டும். அசையாமல் பத்து நிமிடம் நின்றால்தான் பறவைகள் நம்மை மறந்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், நின்றால் குளிரும். நடக்கும்போது உடம்பே ஓர் அடுப்பு. நின்ற ஐந்தாவது நிமிடத்தில் அந்த அடுப்பு தணிந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: குளிரில் பத்து நிமிடம் சுகமாக நிற்க என்ன ஏற்பாடு வேண்டும்?

எப்போது கிளம்புவது

காலையில், வெளிச்சம் வந்ததும் கூடிய சீக்கிரம். முடியாவிட்டால் மதிய இடைவேளையில்.

குளிர்கால மந்தத்துக்குக் குளிரைக் குற்றம் சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி வெளிச்சக் குறைவு. இருட்டில் எழுந்து, மின்விளக்கின் கீழ் வேலை பார்த்து, இருட்டில் வீடு திரும்பினால் உடம்புக்கு எப்போது பகல் என்றே தெரியாமல் போகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். மேகம் மூடிய குளிர்கால நண்பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். இரண்டு வெளிச்சத்துக்கும் ஏற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு உறைக்கும். வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கடிகாரத்துக்குச் சேதி சொல்வதற்கென்றே விழித்திரையில் சில செல்கள் இருக்கின்றன. காலையில் அவற்றுக்குத் தீனி கிடைத்தால் பகலில் சுறுசுறுப்பும் இரவில் தூக்கமும் ஓரளவு ஒழுங்குக்கு வரும்.

பருவகால மனச்சோர்வு என்ற நோயை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் விவரித்தார்கள். அதற்குப் பயன்படுத்தும் ஒளிவிளக்கு வழக்கமாக 10,000 லக்ஸ். காலையில் அரை மணி நேரம் அதன்முன் உட்கார வேண்டும். வெளியே போகிறவருக்கு அந்த அளவு எல்லா நாளும் கிடைக்காது. ஆனால் அறைக்குள் இருப்பவருக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு நிச்சயம் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் நடையை மட்டும் நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இங்கே ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டும். குளிர்கால வெயிலில் நின்றால் விட்டமின் டி கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக அது பொய்யாகிவிடும். 42 பாகை வடக்கில் இருக்கும் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் வெயிலால் தோலில் விட்டமின் டி உண்டாவதில்லை என்று 1988இல் வெளியான ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்காகப் போங்கள். விட்டமினுக்கு வேறு வழி பாருங்கள்.

எவ்வளவு நேரம்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், அப்படிக் கழிக்காதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் போனாலும் துண்டு துண்டாகப் போனாலும் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்தானே வெளியே போவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த ஆய்வு அதற்கு விடை சொல்லவில்லை. ஆனாலும் 120 நிமிடம் என்பது தினமும் 17 நிமிடம்தான். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நடை ஏழு, நிற்பது பத்து.

என்ன உடுத்துவது

முதலில், பருத்தி வேண்டாம். வெயில் காலத்தில் பருத்தி எவ்வளவு நல்லதோ, குளிரில் அவ்வளவு மோசம். வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் பொருள். நனைந்த பனியனோடு நின்றால் முதுகில் யாரோ ஐஸ் கட்டியை வைத்ததுபோல இருப்பது அதனால்தான். ஜீன்ஸும் பருத்திதான் என்பதை மறந்துவிடுவோம். நனைந்தால் தொடையோடு ஒட்டிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை காயாது.

தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ போடுங்கள். கம்பளி தன் எடையில் சுமார் 30 விழுக்காடு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அதன்மேல் ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். உண்மையில் நம்மைச் சூடாக வைத்திருப்பது துணிக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான். ஆகவே எதையும் இறுக்கமாகப் போட்டால் காசு தண்டம். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்.

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்வதுதான். என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: பையில் சுருட்டி வைத்த இன்னொரு தடித்த ஜாக்கெட். பழையது போதும், ஓர் அளவு பெரியதாக இருந்தால் இன்னும் நல்லது. இதற்கு நான் "நிற்கும் சட்டை" என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டைவிட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் நடக்க நடக்க வியர்த்துவிடும், வியர்த்துவிட்டால் நின்றதும் நடுங்குவீர்கள். நிற்கும் இடம் வந்ததும், குளிர் தெரிவதற்கு முன்பே, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சட்டையைப் போட்டுவிடுங்கள். நடுங்க ஆரம்பித்தபின் போட்டால் உடம்பு சூடேறவே பத்து நிமிடம் போய்விடும்.

அப்புறம் கால். முதல் வருடம் நான் இரண்டு சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கஷ்டப்பட்டு ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டு போனேன். கால் மணி நேரத்தில் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. ரத்த ஓட்டத்தை நானே நெரித்து நிறுத்தியிருக்கிறேன்! ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், உள்ளே விரலை ஆட்ட இடமிருக்கும் ஷூ, அவ்வளவுதான். இன்னொரு தந்திரம் உண்டு. நிற்கும்போது குளிர் பெரும்பாலும் தரையிலிருந்து ஷூவின் அடிப்பாகம் வழியாகத்தான் ஏறும். பழைய யோகா பாயில் இரண்டு பாதம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் நின்று பார்த்துவிட்டு, இறங்கியும் நின்று பாருங்கள். கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் பை போன்ற கையுறை சூடு. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்பது கட்டுக்கதை. தலை உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், சூடும் ஏறத்தாழ அந்த அளவில்தான் போகும். ஆனாலும் தொப்பி போடுங்கள், காதுக்காக.

வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 6 போல இருக்கும். மைனஸ் 10இல் அதே காற்று வீசினால் மைனஸ் 20. நிற்கப் போகிறவருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

காலடியில் என்ன பனி

நம் மொழியில் எல்லாமே பனிதான். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, காலையில் தெருவை மறைப்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. பருவத்துக்கே முன்பனி, பின்பனி என்று இரண்டு பெயர் வைத்தவர்கள் நாம். ஆனால் காலுக்கு இவையெல்லாம் ஒன்றில்லை.

புதிதாக விழுந்த வெண்பனியில் நடப்பது பெரும்பாலும் சுலபம், பிடிப்பு இருக்கும். அதையே நாலு பேர் மிதித்து, பகலில் கொஞ்சம் உருகி, இரவில் மறுபடி உறைந்துவிட்டால் கண்ணாடிதான். அதைவிட மோசம், சாலையில் ஈரம்போல மினுங்கும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழந்துவிடும். வானிலை அறிவிப்பு 3 டிகிரி என்று சொன்னாலும் தரை உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். பாலங்கள், நிழல் விழும் நடைபாதை, படிக்கட்டு ஆகிய இடங்களில் சந்தேகத்தோடு நடங்கள். கைகளைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, அடியைக் குறுக்கி, பாதம் முழுவதையும் பதித்து, உடம்பின் எடை முன்காலின் மேல் இருக்கும்படி போக வேண்டும். பென்குவின் நடைதான். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

உறைந்த குளம், ஏரியின் மேல் புதியவர்கள் கால் வைக்கவே வேண்டாம்.

எங்கே நிற்பது

வீட்டிலிருந்து மூன்று நான்கு நிமிடத்தில் போய்ச் சேரும் இடம். அழகான இடம் தேடி வண்டி ஏறினால் மூன்றாம் நாள் போக மாட்டீர்கள். ஒரு மரமும், காற்றை மறைக்க ஒரு சுவரோ புதரோ, கொஞ்சம் வானமும் இருந்தால் போதும். தினமும் அதே இடம். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் இடம்தான் மாறுகிறது, அங்கே நாளுக்கு நாள் என்ன மாறுகிறது என்று தெரியாது.

நின்றபின் என்ன செய்வது

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. கை போனைத் தேடும். போன் உள்பக்கப் பாக்கெட்டில் இருக்கட்டும். குளிரில் அதன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், அவசரத்துக்கு வேண்டும்.

பிறகு காதைத் தீட்டுங்கள். புதுப்பனி விழுந்த காலையாக இருந்தால், ஊரே பருத்தி வைத்து அடைத்ததுபோல இருக்கும். பனித்தூளுக்கு நடுவே இருக்கும் காற்றுப் பைகள் ஓசையை விழுங்கிவிடுகின்றன. அந்த மௌனத்தில் ஒரு சின்னப் பறவை கிளையிலிருந்து கிளைக்குத் தாவினால்கூடக் கேட்கும். பறவை பார்க்கக் கற்றுக்கொள்ளக் குளிர்காலம்தான் சரியான பருவம் என்பது என் கட்சி. மறைக்க இலை இல்லை. சின்னப் பறவைகள் பல இந்தக் காலத்தில் இனம் பார்க்காமல் கூட்டமாகச் சேர்ந்து இரை தேடும். பத்து நிமிடம் யாருமே வராத மரத்தில் திடீரென்று இருபது பேர் இறங்கிவிட்டு, இரண்டு நிமிடத்தில் அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். சிறகை உப்பிப் பந்துபோல உட்கார்ந்திருக்கும் பறவையைக் கவனியுங்கள். நீங்கள் பையிலிருந்து எடுத்துப் போட்ட சட்டையின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

அடுத்தது மரம். "மொட்டை மரம்" என்று சொல்கிறோம், கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்கும். கைக்கெட்டும் ஒரு கிளையின் நுனியைப் பிடித்துப் பாருங்கள், ஒடிக்க வேண்டாம். நுனியில் ஒரு மொட்டு இருக்கும், செதில் செதிலாக மூடிக்கொண்டு. அடுத்த வசந்தத்தின் இலை அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது இப்போது முளைத்ததில்லை, போன கோடையிலேயே மரம் தயார் செய்து வைத்தது. மொட்டுக்குக் கீழே பட்டையில் ஒரு சின்னத் தழும்பு தெரியும், போன வருடத்து இலை உதிர்ந்த இடம். தழும்புக்குள் குண்டூசியால் குத்தியதுபோலப் புள்ளிகள். இலைக்குத் தண்ணீர் போன குழாய்கள் அவை, இப்போது அடைத்துக் கிடக்கின்றன. ஆஷ் மரத்தின் மொட்டு கரியில் செய்ததுபோலக் கறுப்பு. பீச் மரத்தினுடையது ஈட்டி நுனி. பல மரங்களின் மொட்டு போதுமான வாரங்கள் குளிரில் இருந்தால்தான் பிறகு வெப்பத்துக்கு அசைந்து கொடுக்கும். நடுவில் இரண்டு நாள் இதமாக அடித்தால் ஏமாந்து மலர்ந்துவிடாது. நாம்தான் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சளி பிடித்து உட்காருவோம்.

உறைபனி விழுந்த காலையில் வேறு வேலை இல்லாவிட்டாலும் போங்கள். காற்றிலிருக்கும் நீராவி தண்ணீராகாமலே நேராகப் படிகமாகிப் படிவதால், இலையின் ஓரம் முழுக்க உப்புப் பொரிந்ததுபோல முட்கள் நிற்கும். வெயில் ஏறியதும் பட்ட இடமெல்லாம் கரைந்துவிடும். வேலியின் நிழல் விழுந்த இடம் மட்டும் கரையாமல், புல்லின்மேல் வெள்ளைக் கோடுகளாக வேலி படுத்துக் கிடக்கும். நிழல் நகர நகர அந்த வேலியும் தேயும். பத்து நிமிடத்தில் கண்ணெதிரே நடக்கும்.

வெண்பனி விழும்போது ஒரு துண்டு கறுப்புத் துணியை ஐந்து நிமிடம் முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள். சூடான துணியில் விழுந்தால் படிகம் உடனே கரைந்துவிடும். குளிர்ந்த துணியில் சில நொடி நிற்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 ஜனவரி 15இல் முதன்முதலாக ஒரு பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். பிறகு 5,000க்கு மேல் எடுத்தார். ஆறு கை விரித்த நட்சத்திர வடிவம் மைனஸ் 15 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வளரும். வேறு வெப்பநிலையில் ஊசியாகவும் தட்டையாகவும் வரும். ஆகவே துணியில் நட்சத்திரத்தைக் காணோம் என்று வருந்த வேண்டாம், மேலே மேகத்தில் வேறு குளிர்.

பகலில் நேரமே இல்லையா? சரி, சாயங்காலம் போங்கள். வெளிச்சம் கிடைக்காது, நட்சத்திரம் கிடைக்கும். கோடையில் இரவு பத்து மணிவரை காத்திருக்க வேண்டியதற்குக் குளிர்காலத்தில் இரவு உணவுக்கு முன்பே போய்வரலாம். வட அரைக்கோளத்தில் ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் அது ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பு. அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் சிவப்பாக இருப்பது திருவாதிரை. கோட்டை ஒரு திசையில் நீட்டிக்கொண்டே போனால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கொத்தாகக் கார்த்திகை. பிறந்த நட்சத்திரமாக மட்டுமே காதில் விழுந்த பெயர்கள், நிமிர்ந்து பார்த்தால் அங்கே இருக்கின்றன.

எப்போது திரும்புவது

நடுங்கத் தொடங்கினால் கிளம்பிவிடுங்கள். கை வேலை செய்யாமல் ஜிப்பை இழுக்கத் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் குறையாமலே நடுக்கம் நின்று சோர்ந்தாலோ, உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கலாம். அது அவசர நிலை; உதவிக்கு அழையுங்கள். விரல், மூக்கு, காது வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிடக் கூடாது. உறைந்த திசு கிழிந்துவிடும். உள்ளே போய், விரலை அக்குளில் வைத்து மெதுவாகச் சூடாக்கி, சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். சூடு ஏற்றிக்கொள்ள மது குடிப்பது வேண்டாம்; தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவதும், மூக்கையும் வாயையும் ஸ்கார்ஃபால் மூடி மூச்சு விடுவதும் நல்லது. வெயிலடிக்கும் வெண்பனியில் கறுப்புக் கண்ணாடி வேண்டும், புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும்.

போகவே முடியாத நாள் வரும், புயலோ காய்ச்சலோ. அன்றைக்கு ஜன்னல். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாக வாங்கினார்கள் என்று ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் எழுதினார். மரங்களில் இலை இருந்த மாதங்களை மட்டுமே அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலையில்லா மரத்துக்கும் அந்தக் குணம் உண்டா என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வீடு வந்ததும்

கையுறையைச் சுருட்டிப் பாக்கெட்டில் விட்டுவிடாதீர்கள். உள்பக்கத்தைத் திருப்பிக் காயப் போடுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள், நேராக ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். நிற்கும் சட்டையைக் கொடியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, மறுபடி சுருட்டிப் பையில் போட்டு, பையைக் கதவுப் பிடியிலேயே மாட்டிவிடுங்கள். யோகா பாய்த் துண்டையும் மறக்க வேண்டாம், நான் மாதத்துக்கு ஒரு முறையாவது மறக்கிறேன்.